வியர்க்காத பாடகர்கள்

‘அப்பா கச்சேரிக்கு அப்பாவுக்கு ஒரு டிக்கெட்’ என்று லண்டனிலிருந்து மகள் வாட்ஸ்அப் அனுப்பியிருந்தாள். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் எதிர்வீட்டுக்காரர் அதை என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, “எந்த அப்பா? உபன்யாசமா?” என்றார்.

உபன்யாசம் இல்லை, ஸ்வீடன் நாட்டுப் பாட்டுக் குழு என்று விளக்கினேன். ஆக்னெதா, பியோர்ன், பென்னி, ஆன்னிஃப்ரிட் என்று நாலு பேர். பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் ‘அப்பா’ மாதிரி ஒலிக்கும். 1974-ல் யூரோவிஷன் போட்டியில் ஜெயித்து உலகப் புகழ் அடைந்து, 1982-ல் சேர்ந்து பாடுவதை நிறுத்திக்கொண்டவர்கள்.

“இப்ப அவாளுக்கெல்லாம் எத்தனை வயசிருக்கும்?”

“எழுபதுக்கு மேல. எண்பதை நெருங்கிண்டிருக்கா.”

“இன்னும் பாடறாளா?”

“அவா வரமாட்டா. கம்ப்யூட்டர்ல பண்ணின அவாளோட உருவம் வரும். முப்பது வயசு உருவம். அதுக்கு அவதார்னு பேர்.”

ஒரு கணம் யோசித்தார். “மூலவர் வரமாட்டார், உற்சவர்தான் புறப்பாடுன்னு சொல்லுங்கோ.”

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு டெக்னாலஜி விளக்குவது சுலபம். அவர்களிடம் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே ஒரு வார்த்தை இருக்கிறது.

*

2023 ஜூனில் போனேன். கிழக்கு லண்டனில் புட்டிங் மில் லேன் என்று ஒரு குட்டி ரயில் நிலையம். அதன் வாசலிலேயே இந்த ஒரு நிகழ்ச்சிக்காக மட்டும் கட்டிய அரங்கம். மூவாயிரம் பேர் கொள்ளும். 2022 மே 27-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மொத்தச் செலவு 14 கோடி பவுண்டு என்கிறார்கள். “டிக்கெட் விலையை ரூபாயில பெருக்கிப் பாக்காதீங்கப்பா” என்று மகள் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். பெருக்கிப் பார்த்தேன். தப்பு.

கூட்டத்தில் பாதிப் பேர் என் வயசு. சரிகை மினுங்கும் எழுபதுகளின் உடைகளை எங்கிருந்தோ தேடிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது, போனை வெளியே எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆச்சரியம், எல்லோரும் கேட்டார்கள்.

இருட்டு. இசை. மேடையில் நாலு உருவங்கள் மெல்ல எழும்பி வந்தன.

முதல் இரண்டு பாட்டுக்கு மூளை தோற்றுப்போகிறது, ஒப்புக்கொள்கிறேன். தலைமுடி அசைகிறது. உடையில் ஒளி பட்டுச் சிதறுகிறது. மூச்சு வாங்கும்போது தோள் ஏறி இறங்குகிறது. பக்கத்தில் நின்றிருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் 1979-ல் இவர்களை நேரில் பார்த்தவராக இருக்கலாம், அல்லது பார்க்க முடியாமல் போனவராக.

மூன்றாவது பாட்டில் என் எஞ்சினீயர் புத்தி விழித்துக்கொண்டு, எப்படிச் செய்கிறார்கள் என்று தேட ஆரம்பித்துவிட்டது.

*

பலபேர் இதை ‘ஹோலோகிராம்’ என்கிறார்கள். இல்லை.

இந்த மாதிரி மேடை மாயங்களில் ரொம்பப் பழசு ‘பெப்பரின் பேய்’. 1862-ல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் மேடையில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தி, கீழே ஒளிந்திருந்த ஆளின் பிம்பத்தை அதில் விழவைத்து, பேய் காட்டினார். ராத்திரி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் வரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்களா? கண்ணாடியில் உங்கள் முகம் காவேரிக்கு மேல் அந்தரத்தில் கூடவே வருமே, அதேதான். 2012-ல் கலிஃபோர்னியாவில் கோச்செல்லா இசை விழாவில், 1996-லேயே கொலையுண்ட டூபாக் ஷகூர் என்கிற ராப் பாடகரை மேடையேற்றியது இந்த உத்தியின் நவீன வடிவம். 2014 தேர்தலில் மோடி ஒரே நேரத்தில் பல ஊர்களில் தோன்றிப் பேசியதும் ஏறக்குறைய இதே சமாசாரம்.

லண்டனில் பேய்க் கண்ணாடி இல்லை. மேடையில் ஒரு பிரம்மாண்டமான எல்.ஈ.டி. திரை, ஆறரைக் கோடி புள்ளிகளுடன். அவ்வளவுதான், ஒருவகையில் ரொம்பப் பெரிய டி.வி. சாமர்த்தியம் எங்கே என்றால், திரைக்குள் இருக்கும் பொய் விளக்குகளும் அரங்கத்தில் தொங்கும் நிஜ விளக்குகளும் ஒரே தாளத்தில் எரிகின்றன. உள்ளே ஒரு நீல ஒளிக்கற்றை இடமிருந்து வலம் போனால், அது திரையின் ஓரத்தைத் தாண்டி வெளியே வந்து உங்கள் சட்டையில் விழுகிறது. திரை எங்கே முடிகிறது என்கிற கோடு அழிந்துவிடுகிறது. அந்தக் கோடு அழிந்தால் மிச்சத்தை நம் மனசு பார்த்துக்கொள்ளும்.

உருவங்களைத் தயாரித்தது ஜார்ஜ் லூகாஸ் ஆரம்பித்த ஐ.எல்.எம். நிறுவனம். நாலு பேரும் ஸ்டாக்ஹோமில் ஐந்து வாரம், உடம்பை ஒட்டிய உடையில் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொண்டு, 160 காமிராக்களுக்கு நடுவே நின்று தங்கள் பாட்டுகளை மறுபடி பாடி நடித்தார்கள். முழங்கால் ஒத்துழைக்காத இடங்களில் இளசுகள் ஆடிக் கொடுத்தார்கள். அந்த அசைவுகளின் மேல் 1979-ன் முகங்களைப் போர்த்தினார்கள். நமக்குப் புதிதல்ல. 2014-ல் வந்த ‘கோச்சடையான்’ இப்படித்தான் எடுக்கப்பட்டது. 2009-ல் காலமான நாகேஷ் அந்தப் படத்தில் வந்து வசனம் பேசிவிட்டுப் போனார்.

குரல்? அது மட்டும் பொய் இல்லை. அந்தக் காலத்து ஒலிப்பதிவுகளிலிருந்து பிரித்தெடுத்த அசல் குரல்கள். அதற்குக் கீழே பத்துப் பேர் கொண்ட நிஜ வாத்தியக் கோஷ்டி, மேடையின் ஓரத்தில், வியர்க்க வியர்க்க வாசிக்கிறது.

*

சரி, நிகழ்ச்சி எப்படி?

தொண்ணூறு நிமிஷத்தில் முக்கால்வாசி நேரம் நன்றாகப் போகிறது. பக்கவாட்டுத் திரைகளில் முகத்தைப் பெரிதாகக் காட்டும்போதுதான் சங்கடம். கன்னம் ரொம்பச் சமர்த்தாக இருக்கிறது. கண், பார்க்கிற மாதிரி இருக்கிறதே தவிர எதையும் பார்க்கவில்லை. நடுவில் கார்ட்டூன் படம் ஒன்றை ஓட்டுகிறார்கள், காபிக்கு எழுந்து போகலாம் என்று தோன்றவைக்கும் இடம். ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து நம்மோடு ‘பேசுகிறார்கள்’. பென்னி தன் வயசைப் பற்றி ஒரு ஜோக் அடிக்கிறார். நேற்றும் அதே ஜோக், அதே இடத்தில், அதே புன்னகையோடு அடித்திருப்பார். நாளையும். சிரிப்புக் குறைந்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை.

நான் கவனித்த விசித்திரம் ஒன்று. அவர்களை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய 1974 போட்டிப் பாட்டு வந்தபோது அவதார்களைக் காணோம். பதிலாக, அந்த வருஷத்துப் போட்டியில் எடுத்த அசல் படச்சுருளையே திரையில் ஓட்டினார்கள். மங்கல், பழசு. ஆனால் அரங்கத்தில் ஏறிய உற்சாகம் சொல்லி முடியாது. இன்னொரு இடத்தில் அவதார்கள் உள்ளே போய்விட, வாத்தியக் கோஷ்டியில் இருந்த மூன்று பாடகிகள் முன்னுக்கு வந்து தாங்களே பாடினார்கள். அவர்களுக்கு விளம்பரத்தில் முகம் கிடையாது. ஒருத்தி எங்கள் பக்கம் பார்த்துக் கையாட்டினாள். நான் திருப்பி ஆட்டினேன். அதை அவள் பார்த்தாள். அந்த ராத்திரியிலேயே எனக்கும் மேடைக்கும் நடந்த ஒரே கொடுக்கல் வாங்கல் அதுதான்.

கடைசியில் ஒரு திருப்பம் வைத்திருக்கிறார்கள். பாட்டெல்லாம் முடிந்தபின், இன்றைய வயசில், நரையும் சுருக்கமுமாக நாலு பேரும் வந்து வணங்குகிறார்கள். கூட்டம் கூரை அதிரக் கத்துகிறது. அவர்களும் அவதார்கள்தான். அப்போதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது. இளமையைத் திருப்பிக் கொண்டுவந்தபோது பிரமித்தேனே தவிர, கலங்கவில்லை. வயசானதைக் காட்டியபோது கலங்கிவிட்டேன். ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தும்.

*

திரும்பும் ரயிலில் மகள் “எப்படிப்பா இருந்தது?” என்றாள்.

“இதை நான் சின்ன வயசிலேயே பாத்திருக்கேன்” என்றேன்.

விளையாட்டில்லை. திருச்சிப் பக்கத்துக் கிராமங்களில் திருவிழா ராத்திரி ஆடல் பாடல் நிகழ்ச்சி நடக்கும். முதலில் எம்.ஜி.ஆர். வருவார். வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. ரிக்கார்டில் டி.எம்.எஸ். பாட, இவர் வாயசைத்துக் கையைத் தூக்குவார். பின்னால் சிவாஜி, ரஜினி, கமல். அவதார்கள்! ஸ்வீடன்காரர்களுக்கு ரொம்ப முன்னாலேயே. ஒரு வித்தியாசம்தான். எங்கள் எம்.ஜி.ஆருக்கு வியர்த்து முகத்துப் பவுடர் கழுத்தில் வழியும். மேடைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு பரோட்டா சாப்பிடுவார். அவரை யாரும் எம்.ஜி.ஆர். என்று நம்பவில்லை. நம்பாமலே விசிலடித்தோம்.

அப்புறம் மெல்லிசைக் குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் டி.எம்.எஸ். பாடுகிறவர் ஒருத்தர், பி.பி.எஸ். பாடுகிறவர் ஒருத்தர், எஸ்.பி.பி. பாடுகிறவர் ஒருத்தர் இருப்பார்கள். என் நண்பர் ஒருவர் பாலக்கரையில் இருக்கிறார். முப்பத்தைந்து வருஷமாக எஸ்.பி.பி. பாடுகிறவர். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கம்பெனி ஆண்டு விழா. மேடைக்குத் துண்டுச் சீட்டு வரும். கசங்கிய காகிதத்தில் பாட்டின் பெயர், கீழே ‘மாப்பிள்ளையின் தாய்மாமா விருப்பம்’. சீட்டைப் பிரித்துப் படித்துவிட்டு, கீபோர்டுக்காரரிடம் ஸ்ருதி சொல்லி, அரை நிமிஷத்தில் ஆரம்பித்துவிடுவார். மேலே போக முடியாத இடத்தில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவார். கூட்டம் பாடிக் காப்பாற்றும்.

லண்டனில் பதினாலு கோடி பவுண்டு செலவழித்தும் செய்ய முடியாதது இந்தத் துண்டுச் சீட்டு ஒன்றைத்தான். அங்கே மேடைக்கு எதையும் கொடுக்க முடியாது.

*

ஊர் திரும்பிய சில மாதங்களில் இந்த விஷயம் நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

2024 ஜனவரியில் ‘லால் சலாம்’ படத்தின் ஒரு பாட்டு வெளியானது. அதில் ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு மறைந்த பாடகர்களைப் பாடவைத்திருந்தார். ஒருவர் 2022-ல் போன பம்பா பாக்யா. இன்னொருவர் ‘திருடா திருடா’வில் (1993) வாத்தியமே இல்லாமல் வெறும் குரல்களின் மேல் ஒரு பாட்டைத் தூக்கி நிறுத்திய ஷாகுல் ஹமீது. அவர் தொண்ணூறுகளின் இறுதியிலேயே விபத்தில் மறைந்தவர். ஏ.ஐ. மென்பொருளுக்கு அவர்கள் குரலைப் பழக்கி, வேறொருவர் பாடியதை அந்தக் குரலுக்கு மாற்றும் வித்தை. குடும்பங்களிடம் அனுமதி வாங்கி, உரிய பணமும் கொடுத்ததாக ரஹ்மான் தெரிவித்தார்.

அதே வருஷம் ‘தி கோட்’ படத்தில் பவதாரிணி. 2024 ஜனவரி 25-ல் மறைந்தவரின் குரலில் ஜூனில் புதுப் பாட்டு வந்தது. இசையமைத்தது தம்பி யுவன். அக்கா குணமாகி வந்ததும் பாடவைக்கலாம் என்று நினைத்திருந்த பாட்டாம் அது. இதைக் கேட்டபிறகு அந்தப் பாட்டை விமரிசனம் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது வேறு ரகம். 2023-ல் வந்த ‘கீடா கோலா’ என்கிற தெலுங்குப் படத்தில் தன் அப்பாவின் குரலை யாரையும் கேட்காமல் ஏ.ஐ. மூலம் பயன்படுத்தியதாக எஸ்.பி.பி. சரண் படக்குழுவுக்கு நோட்டீஸ் அனுப்பினார்.

சட்டம் என்ன சொல்கிறது? உயிரோடு இருப்பவர் என்றால் வழி உண்டு. 2024 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம், பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அவர் குரலை அனுமதியின்றி ஏ.ஐ. நகலெடுப்பதற்கு இடைக்காலத் தடை விதித்தது. போனவர் விஷயம் சிக்கல். ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்கியது தொடர்பான வழக்கில் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம், ஒருவரின் அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடும், வீடு வாசல் மாதிரி வாரிசுக்கு வராது என்றது. அப்படியானால் பாலுவின் குரல் இப்போது யாருடையது? பிள்ளையுடையதா, படக் கம்பெனியுடையதா, காசெட் தேயத் தேயக் கேட்ட நம்முடையதா?

*

இந்த நேரத்தில்தான் பாலக்கரை நண்பர் போன் செய்தார். குரல் சரியில்லை.

“ஒரு ரிசப்ஷன் புக்கிங் வந்திருக்கு சார். நல்ல பார்ட்டி. பாட்டெல்லாம் நான் பாடலாமாம். ஆனா ஆரம்பத்துல எல்.ஈ.டி. ஸ்க்ரீன்ல பாலு சாரே தோணி, பொண்ணு மாப்பிள்ளை பேரைச் சொல்லி வாழ்த்தணுமாம். ஏ.ஐ.ல பண்ணித் தர ஆள் இருக்கான். வாழ்த்தை மட்டும் நான் எழுதிக் குடுக்கணும், அவர் ஸ்டைல் எனக்குத்தான் தெரியும்னு...”

“உங்களுக்கு என்ன தோணுது?”

“முப்பத்தஞ்சு வருஷமா அவர் பாட்டைப் பாடித்தான் சார் பொண்ணைக் கட்டிக் குடுத்தேன். ஆனா ஒவ்வொரு மேடையிலயும் அறிவிப்பாளர் என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாரு. தப்பாப் பாடினா என்னைத்தான் திட்டுவாங்க, அவரை இல்ல. இது அப்படி இல்லையே. அவர் சொல்லாததை அவர் வாயில வைக்கிறது...”

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. எத்தனையோ கட்டுரை படித்தும் எனக்குப் பிடிபடாத ஒரு வித்தியாசத்தை மனுஷர் ஒரு போன் காலில் பிடித்துவிட்டார். ஒருவர் மாதிரிப் பாடுவது வேறு, ஒருவரைப் பாடவைப்பது வேறு. முன்னதில் பாடுகிறவர் தன் கையெழுத்தைப் போடுகிறார். பின்னதில் இறந்தவரின் கையெழுத்தை யாரோ போடுகிறார்கள்.

புக்கிங்கை விட்டுவிட்டார். அந்த மாதத்தின் பெரிய வருமானம்.

*

ஸ்ரீரங்கத்தில் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. கோயிலொழுகு சொல்லும் கதை.

1323-ல் டில்லிப் படை வந்தபோது உற்சவரை, அதாவது நம்பெருமாளை, எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பிள்ளை லோகாசாரியார் தலைமையில் காடு மலையெல்லாம் சுற்றி, கடைசியில் திருப்பதி. திரும்பி வர 1371 ஆயிற்று. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு. இதற்குள் இங்கே வேறொரு விக்ரகத்தை வைத்து ஆராதனை நடந்துகொண்டிருந்தது. வந்தவரைப் பார்த்த பழைய ஆள் யாரும் ஊரில் இல்லை. எது அசல்?

தேடியதில் ஒரு சலவைத் தொழிலாளி அகப்பட்டார். தள்ளாத வயசு, கண் தெரியாது. அந்த நாளில் பெருமாளின் ஈர வஸ்திரங்களைத் துவைத்தவர். பார்க்க முடியாது, ஆனால் திருமஞ்சனம் ஆன வஸ்திரத்தைப் பிழிந்த தீர்த்தத்தின் வாசனையில் சொல்லிவிடுவேன் என்றார். இருவருக்கும் திருமஞ்சனம் செய்து ஈர வஸ்திரங்களைக் கொடுத்தார்கள். ஒன்றில் கஸ்தூரி மணத்தது. ‘இவரே நம்பெருமாள்’ என்றார். அந்தப் பெயர் அவர் வைத்தது என்பார்கள்.

எனக்குப் பிடித்தது, அடையாளம் சொன்னவர் பார்வை இல்லாதவர் என்பது. கண் ஏமாறும் என்று ஊருக்குத் தெரிந்திருக்கிறது. லண்டன் அரங்கத்தில் நானும் ஒரு பாட்டுக்குக் கண்ணை மூடிப் பார்த்தேன். திரை போயிற்று. டிரம்ஸின் அதிர்வு மார்பில் இடித்தது. அது நிஜம். இரண்டு பெண்களின் குரல், 1970-களின் ஏதோ ஒரு மத்தியானத்தில் நிஜமான தொண்டையிலிருந்து வந்தது. அதுவும் நிஜம். கண்ணைத் திறந்தால்தான் பொய்.

இன்னொரு விசேஷமும் உண்டு. அந்த இன்னொரு விக்ரகத்தை நம்மவர்கள் போலி என்று தூக்கி எறியவில்லை. திருவரங்க மாளிகையார் என்று பெயர் கொடுத்துக் கோயிலிலேயே வைத்துக்கொண்டார்கள். கஷ்ட காலத்தில் ஊருக்குத் துணையாக இருந்தவரல்லவா? நகலாக இருப்பதில் அவமானம் இல்லை. அசல் என்று சொல்லிக்கொண்டால்தான் வம்பு.

*

நண்பர் விட்ட ரிசப்ஷன் நடந்தது. வேறு குழு. பழக்கத்துக்காகப் பத்திரிகை வைத்திருந்தார்கள் என்று சாப்பிடப் போயிருக்கிறார். (“பந்தி நல்லாத்தான் இருந்தது சார்.”) திரையில் பாலு தோன்றினார். வெள்ளைச் சட்டை, அந்தச் சிரிப்பு. மண்டபமே எழுந்து நின்று கைதட்டியதாம். மணமகள் பெயர் யாழினி.

“‘யாளினி’ன்னாரு சார்.”

போனில் சற்று நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. தாய்மொழி தெலுங்காக இருந்தும் தமிழ் உச்சரிப்பை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, அதற்காகவே கொண்டாடப்பட்ட மனிதர். அவர் வாயில் ஒரு கல்யாணப் பெண்ணின் பெயரைக் கொலை செய்தால்?

“கூட்டத்துல யாருக்கும் தெரியல. எனக்கு அந்த ஒரு எழுத்துலயே தெரிஞ்சுபோச்சு” என்றார்.

கஸ்தூரி வாசனை!

கட்டுரையை இங்கேயே முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் நியாயமாக இருக்காது. அடுத்த வருஷம் மென்பொருள் ‘ழ’ கற்றுக்கொண்டுவிடும். அதற்கடுத்து, மூச்சு வாங்குவது, சிரிப்பைப் பாட்டுக்குள் ஒளிப்பது எல்லாம் வரும். வாசனை பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத நாள் வந்தே தீரும். அப்போது நண்பரின் காதும் உதவாது. ‘நகல் நன்றாக இல்லை’ என்கிற விமரிசனம் செல்லாத காசாகிவிடும். வேறு அளவுகோல் வேண்டும்.

அதுவும் ஸ்ரீரங்கத்தில் கிடைக்கிறது. தாயார் சன்னதி போகிற வழியில் உடையவர் சன்னதி. 1137-ல் பரமபதித்த ராமானுஜரின் திருமேனியே அங்கே வீற்றிருப்பதாக நம்பிக்கை. வருஷத்துக்கு இரண்டு முறை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சாற்றுகிறார்கள். அதற்குப் பெயர் தானான திருமேனி. அவர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் இருப்பது தான் உகந்த திருமேனி. உயிரோடு இருந்தபோதே செய்து, அவரே பார்த்து, மகிழ்ந்து அணைத்துக்கொண்டதாகச் சொல்லப்படும் சிலை. மூன்றாவது கர்நாடகத்தில் மேல்கோட்டையில், தமர் உகந்த திருமேனி. தமர் என்றால் தம்மவர். அவர் ஊரைவிட்டுக் கிளம்பியபோது பிரிவைத் தாங்காத சீடர்கள் ஆசைப்பட்டு வைத்துக்கொண்டது.

தானானது, தான் உகந்தது, தமர் உகந்தது. டிஜிட்டல் அவதாரங்களுக்கு இதைவிடத் தெளிவான பாகுபாட்டை நான் எந்த நாட்டுச் சட்டப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

லண்டனில் பார்த்தது தான் உகந்தது. நாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், தாங்களே புள்ளி ஒட்டிக்கொண்டு நின்றார்கள், முதல் நாள் அரங்கத்துக்கு வந்து தங்களையே பார்த்துக் கைதட்டினார்கள். நிகழ்ச்சியில் எனக்கு என்ன குறை இருந்தாலும் அதில் திருட்டு இல்லை. ஜப்பானின் ஹட்சுனே மிக்கு என்கிற, ஆளே இல்லாத, 2007-ல் பிறந்த மென்பொருள் பாடகிக்கும் அடியில் சாகி ஃபுஜிதா என்கிற நிஜப் பெண் தெரிந்தே கொடுத்த குரல் இருக்கிறது. அவள் கச்சேரிகளிலும் நிஜ வாத்தியக்காரர்கள் வாசிக்கிறார்கள்.

‘லால் சலாம்’, ‘தி கோட்’ பாட்டுகள் தமர் உகந்தவை. குடும்பம் சம்மதித்தது. ஏற்கலாம், கொஞ்சம் தயக்கத்தோடு. ஏனென்றால் மேல்கோட்டை சிலைக்குக்கூட ராமானுஜரின் அனுமதி இருந்தது. ஷாகுல் ஹமீதை யாரும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அவர் காலத்தில் இப்படி ஒரு கேள்வியே கிடையாது.

கல்யாண மண்டபத்தில் ‘யாளினி’ என்றது எதிலும் சேராது. தானும் உகக்கவில்லை, தமரும் உகக்கவில்லை. வாடகைக்கு எடுத்தவர் உகந்த திருமேனி.

ஆகவே என் யோசனை ரொம்பச் சாதாரணமானது. இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். கண்தானத்துக்குக் கையெழுத்துப் போடுகிறோமே, அந்த மாதிரி ஒரு தாள். என் குரலை எனக்குப் பிறகு உபயோகிக்கலாம், கூடாது, எதற்கு, எத்தனை வருஷத்துக்கு. பாடகர்கள் மட்டுமில்லை, வாட்ஸ்அப்பில் பேசுகிற எல்லோருமே போட வேண்டியிருக்கும். கையெழுத்தில்லை என்றால் அர்த்தம் ‘கூடாது’ என்பதாக இருக்கட்டும்.

இதை மகளிடம் சொன்னேன். “எனக்கப்புறம் என் குரலை வெச்சு எதுவும் பண்ணக்கூடாது, தெரிஞ்சுதா?”

“உங்க வாய்ஸ் மெசேஜ் நூத்துக்கணக்குல இருக்குப்பா என் போன்ல. எல்லாமே ஒண்ணுதான். ‘கேஸை அணைச்சியா, வாசக்கதவைத் தாழ்ப்பாள் போட்டியா’.”

“அதையெல்லாம் அழிச்சுடு.”

“மாட்டேன்” என்றாள்.

அதை வைத்துக்கொள்ளட்டும். அது தான் உகந்தது.